இரண்டு கண்களையும் திறக்கவும்

அரிசி ஆலையின் கேட்டுக்கு வெளியே பெண்கள் வரிசையில் நின்றார்கள். தூணில் பதித்த திரையில் ஒவ்வொருத்தியும் முகத்தைக் காட்ட, பச்சை விளக்கு எரிந்து கம்பிக் கதவு ஓர் ஆள் நுழையுமளவு சுழன்றது. பாஞ்சாலிக்குச் சிவப்பு எரிந்தது. முந்தானையைத் தலையிலிருந்து நன்றாக விலக்கிக்கொண்டு மறுபடி நின்றாள். மறுபடியும் சிவப்பு.

"கொஞ்சம் நகுந்து நில்லும்மா, பின்னால ஆளுங்க கீறாங்க," என்றார் வாட்ச்மேன் இருசப்பன். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். முன்பானால் அவரே திறந்துவிட்டிருப்பார். இப்போது அவரிடம் சாவி கிடையாது.

பொங்கலுக்கு முன்பு, நெல் அவிக்கும் தொட்டியருகே நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டதில் அவள் முகத்தின் இடப்பக்கம் வெந்துபோனது. தோல் சுருங்கி, இடது மேலிமை கீழே இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் ஆலை, முகத்தைப் பார்த்து வருகை பதியும் கைப்பேசிச் செயலிக்கு மாறியது. பழைய அடையாள அட்டைப் படங்களையே அதில் ஏற்றியிருந்தார்கள்.

ஆபீசிலிருந்து தினகரன் கேட்டுக்கு வந்தான். ஆள் சேர்ப்பதும் நிறுத்துவதும் அவன் வேலை.

"மின்னாடி கம்ப்யூட்டர் நம்ம ரூம்லயே இருந்துச்சிக்கா. கம்ப்யூட்டர் பாத்துக்கின பிரபா ஒக்காந்து படத்த மாத்திக் குடுத்துடும். இப்ப எல்லாம் எங்கியோ ஆப் கம்பெனிக்காரங்க கிளவுட்ல போய்ட்சி. பிரபாவையும் நிறுத்திட்டாங்க. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

"அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லக்கூடாதா சார்?"

"சொல்லிட்டேன். ஒரு நம்பருக்கு ஒரு மூஞ்சிதானாம். மாத்த வுட்டா ஒருத்தருக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போடற மாதிரி ஆயிடுமாம்." கைப்பேசியைத் தடவினான். "புது நம்பர் போட்டுப் புது ஆளா சேத்துட்டா இப்பவே உள்ள போலாம்."

"அப்ப என் கண்ணு ஆப்பரேசன்? அடுத்த மாசம் வரச் சொல்லிகீறாங்களே."

"அது பழைய நம்பர் இன்சூரன்ஸ்ல கீது. அந்த ஆளு வேலைய வுட்டு நின்னுட்டதா ஆயிடும்."

"புது நம்பர்ல பண்ண மாட்டாங்களா?"

"அடி பட்டது பழைய ஆளுக்குக்கா. புது ஆளுக்கு ஒண்ணும் ஆவலியே."

பாஞ்சாலி திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "நாந்தான சார் ரெண்டும்."

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே."

அந்த வாரம் முழுக்க அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். ஒருநாள் முதலாளி வேதகிரியின் காரை மறித்தாள். அவர் கண்ணாடியைப் பாதி இறக்கி, "சிஸ்டம்னு ஒண்ணு வந்தப்புறம் நானே அதுக்கு அடங்கித்தாம்மா போவணும்," என்றார். கண்ணாடி ஏறியது.

வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய அப்பன் செத்து நாளாயிற்று. திங்கட்கிழமை காலை தினகரனிடம் போய், "புது ஆளாவே போட்டுடுங்க," என்றாள்.

அவன் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். உள்ளிருந்து ஒரு பெண்குரல் தெளிவான தமிழில் சொன்னது: "இரண்டு கண்களையும் திறக்கவும்."

பாஞ்சாலி விரலால் இமையைத் தூக்கினாள். "முகத்தை மறைக்க வேண்டாம்," என்றது குரல்.

அவளோடு தொட்டியில் வேலை செய்யும் செவ்வந்தி பின்னால் வந்து நின்றாள். பாஞ்சாலியின் கூந்தலுக்குள் கைவிட்டு, காதுக்கு மேலே வெந்த தோலைப் பிடித்து இழுத்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா." பாஞ்சாலி பல்லைக் கடித்தாள். இமை மெல்ல மேலேறியது. உள்ளே சிவந்த கண் தெரிந்தது.

"நன்றி. எங்கள் நிறுவனத்துக்கு நல்வரவு," என்றது குரல்.

ஆப்பரேசன் தேதி வந்து போயிற்று. இப்போது தினமும் ஷிப்டுக்கு முன்னால் கேட்டுத் திரையெதிரே இருவரும் ஒட்டி நிற்கிறார்கள். அன்று பதிவான முகம் வரும்வரை செவ்வந்தி தோலை இழுத்துப் பிடிக்கிறாள். சில நாள் தோல் வெடித்து ரத்தம் கசிந்து கழுத்துக்கு இறங்குகிறது. பச்சை எரியும்வரை பாஞ்சாலி அதைத் துடைப்பதில்லை. கை குறுக்கே போனால் மறுபடியும் முதலிலிருந்து நிற்க வேண்டும்.