ஓடைக்கு மேலே சிவப்புப் புள்ளிகள்

படார்!

கூண்டின் கதவு விழுந்த சத்தம் ஓடையின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. பாறை மறைவில் உட்கார்ந்திருந்த ஷமீம் பானு எழுந்து ஓடினாள். பின்னாலேயே வனத்துறை வாட்சர் குற்றாலிங்கமும் ஓடினார்.

விடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். கூண்டுக்குள் இருந்தது சிறுத்தைப் பூனை அல்ல. வெள்ளையும் செம்பட்டையுமாக ஒரு வீட்டுப் பூனை, கருவாட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. ஆளைக் கண்டு சீறக்கூட இல்லை. கம்பியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு கொஞ்சியது.

“பன்னிரண்டு,” என்றாள் பானு. கூண்டில் விழுந்தது இதுதான் முதல்; மற்றதெல்லாம் மணலில் தடம் பார்த்து எண்ணியவை.

மூன்று வாரத்தில் பன்னிரண்டு. அதற்கு முந்தைய ஏழு மாதத்தில் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டுப் பூனையைக்கூட அவள் கண்டதில்லை.

தென்காசிப் பெண். பாளையங்கோட்டையில் விலங்கியல் ஆராய்ச்சி. எண்பத்து நான்காம் வருஷம் பங்குனியில் குற்றாலத்து மலையடிவார வரைபடம் ஒன்றைத் துணியில் வரைந்துகொண்டு வேலையைத் தொடங்கினாள். சலித்த மணலைப் பாதையில் பரப்பி வைத்து, காலையில் தடம் பார்ப்பாள். காட்டுப் பூனைத் தடமென்றால் நீலப் புள்ளி, வீட்டுப் பூனையென்றால் சிவப்பு. இரண்டு நிறமும் எங்கே கலக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. காலேஜ் படித்த பிள்ளை பூனை பின்னால் அலைந்தால் உன் பின்னால் எந்த மாப்பிள்ளை அலைவான் என்று லாட்ஜ் சமையல்கார உலகம்மை கேலி செய்வாள்.

புரட்டாசி வரை படம் அழகாக இருந்தது. ஓடைக்குக் கீழே லாட்ஜுகளும் தெருக்களும் ஒரே சிவப்பு. மேலே சரிவு முழுக்க நீலம். அந்த நீலமெல்லாம் ஒரே ஒரு தாய்ப் பூனையின் தடம். ஆவணியில் பாறை இடுக்கில் அது இரண்டு குட்டி போட்டிருந்தது. அதைத் தவிர வேறு சிறுத்தைப் பூனையை அவள் அங்கே கண்டதில்லை.

சீசன் முடிந்து ஓட்டல்கள் மூடியதும் குற்றாலத்துப் பூனைகளுக்கு வாந்தியும் கழிச்சலும் கண்டு, தெருவுக்கு நாலு செத்தன. இது காட்டுப் பூனைக்குத் தொற்றினால் ஒன்றுகூட மிஞ்சாது என்று மாட்டு டாக்டர் எச்சரித்தார்.

பானு ஓடைக்கரைத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ராத்திரியில் பூனைகளை உள்ளே அடைத்து வையுங்கள், ஓடைப் பக்கம் விடாதீர்கள் என்று கெஞ்சினாள். பூனையை யாராவது அடைத்து வைப்பார்களா என்று சிரித்தார்கள். குற்றாலிங்கம்தான் பொறுமை இழந்து, இந்தத் தெருவில் இனிப் பூனையே இருக்கப்பிடாது, சர்க்கார் ஆர்டர் என்று ஒரு போடு போட்டார். சிரிப்பு அடங்கியது. இப்படிச் சொன்னால்தான் கேட்பார்கள் போலும் என்று பானுவும் மறுக்காமல் இருந்துவிட்டாள்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருப் பக்கம் போக நேரமில்லை. காட்டுப் பாதை வழியாக வந்து, வாட்சர் கட்டிய வடத்தைப் பிடித்து இடுப்பளவு தண்ணீரில் ஓடையைக் கடப்பார்கள். ஆளே தடுமாறும் இழுப்பு அது. பூனை எப்படிக் கடக்கும்? விழுந்த மரம் ஏதாவது பாலமாகக் கிடக்கிறதா என்று இரண்டு நாள் கரையோரமாகவே தேடினாள். ஒன்றும் இல்லை. சிவப்புப் புள்ளி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

கூண்டை அப்படியே வைத்துவிட்டுப் பாறை இடுக்குக்குப் போனார்கள்.

ஒரு குட்டி செத்து ஈ மொய்த்துக் கிடந்தது. இன்னொன்று தேங்கிய மழைத் தண்ணீரின் முன்னால் தலையைத் தொங்கப் போட்டபடி இருந்தது. குடிக்கவும் இல்லை, இவர்களைப் பார்த்து நகரவும் இல்லை. தாயைக் காணோம். சற்றுத் தள்ளி அது வாந்தி எடுத்திருந்த தடம் மட்டும் புதருக்குள் போனது.

“தூக்கிட்டுப் போவமா?” என்றார் குற்றாலிங்கம்.

“எங்க அண்ணாச்சி? டாக்டர்கிட்ட மருந்து இல்ல.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பானு வழக்கம்போல வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். அந்தச் சரிவில் புதிதாகப் புள்ளி வைக்க இடமே இல்லை. மூடி வைத்துவிட்டாள். அவர்கள் அங்கே நிற்கும்போதே குட்டியின் தலை தண்ணீரில் சாய்ந்தது.

கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைத் தெருவுக்கு இறங்கினார்கள். தெரு என்னவோ போல இருந்தது. மீன் கழுவும் இடத்தில் காக்கைதான் நின்றது. ஓட்டின் மேல் ஒரு பூனை இல்லை, சுவரில் ஒரு பூனை இல்லை.

உலகம்மை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கூண்டைக் கண்டதும் முகம் மலர்ந்து, கம்பிக்குள் விரலை விட்டு அதன் காதை வருடினாள். அவள் வளர்த்த ஐந்தில் அது ஒன்று.

“அக்கா, இது எப்படி அங்க வந்துச்சு?” கேட்டாள் பானு. “இவ்வளவு தண்ணியில எப்படித் தாண்டுச்சு?”

உலகம்மை சுளகைக் கீழே வைத்தாள். ஆர்டரை மீறிவிட்டதாக நினைத்துவிடப் போகிறாளே என்ற பதற்றத்தில் அவசரமாகச் சொன்னாள்:

“நீ சொன்னபடிதான் செஞ்சோம் பானு. பூனையக் கொன்னா பாவம்லா, தண்ணி தாண்டி விட்டா வழி தெரியாம அங்கனயே கெடக்கும்னு தெருவே சேந்து சாக்குல கட்டி அக்கரையில கொண்டு விட்டுட்டோம். அதுலயும் சீக்குப் பிடிச்சதுகளத்தான் மொத நாளே கொண்டு விட்டோம்.”