கண்ணாடிக்கு உள்பக்கம்

அய்யாவுவின் ஆட்டோ முன்கண்ணாடியில் ஜீவிதா என்று கன்னட எழுத்தில் ஒட்டியிருந்த தங்க ஸ்டிக்கர் ஆறே வருசத்தில் சீரழிந்து போயிருந்தது. வெயில் சும்மா விடுமா? முதலில் மினுமினுப்புப் போய்த் தகரமாயிற்று, அப்புறம் வெள்ளை வெள்ளையாய் வெடித்து ஓரமெல்லாம் சுருண்டது. மாற்றித் தொலையேன் என்று அக்ரஹாரம் ஸ்டாண்டில் சொல்லாத ஆள் இல்லை. மனுசன் கேட்டால்தானே.

அந்தப் பேரைத் தங்கச்சிக்காக ஒட்டியது மகன் மதன். ஒட்டிய ஐந்தாம் மாசம் நஞ்சன்கூடு ரோட்டில் லாரி அடித்துப் போய்விட்டான், பத்தொன்பது வயசில். காகிதத்தை உரிக்கும்போதே அவசரக்குடுக்கை பசையில் கட்டைவிரலை வைத்திருந்தான். வெளியே நின்றால் ஒன்றும் தெரியாது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும், கண்ணாடி வழியே, கடைசி எழுத்தின் முதுகில் ரேகை சுழிசுழியாய்த் தெரியும். துணிமணியெல்லாம் ஆற்றோடு விட்டாயிற்று. பையனின் உடம்பு பட்டதில் மிச்சம் அது ஒன்றுதான். அய்யாவு அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆளாளுக்கு எட்டிப் பார்ப்பார்கள்.

மதன் பேரை அவன் போனபிறகுதான் பக்கத்தில் ஒட்டினார். வருசத் திதிக்கு அதை மட்டும் புதுசாக மாற்றுவார். போன வருசம் கடைக்காரர் இரண்டையும் மாற்றிவிடலாமே என்றதற்கு, அதில் கையை வைக்காதே என்று எரிந்து விழுந்தார். பின்சீட்டில் ஜீவிதா இருந்தாள்.

இந்தத் திதிக்குப் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ஆட்டோ பக்கத்தில் வெந்நீர்ச் சொம்பும் பிளேடுமாக அவள் நிற்கிறாள். கண்ணாடியில் மதன் பேர் மட்டும் மின்னியது.

"அண்ணன் வருசா வருசம் பளபளன்னு இருக்கான். நான் உரிஞ்சு தொங்கறேன். பாக்க சகிக்கலப்பா, எடுத்துட்டேன்."

அய்யாவு ரேகையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இவள் ஆயுசுக்கும் சுமப்பாளே என்று முழுங்கிக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு கண்ணு. உனக்கும் புதுசு போட்டுக்கலாம்."

அழுகையும் சிரிப்புமாக அவள் காப்பி போட உள்ளே ஓடினாள்.

சாக்கடை ஓரத்தில் அவள் சுருட்டிப் போட்டிருந்த ஸ்டிக்கர் உருண்டையை எடுத்துப் பிரித்தார். பசையோடு பசை ஒட்டிக்கொண்டு நாராய்க் கிழிந்தது. நகமெல்லாம் வெள்ளைத் தூள். ஒரே ஒரு துண்டில் ரேகை இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சின்ன விரல், ஈரம்கூடக் காயவில்லை. ஜீவிதாவுடையது.

காப்பி ஆறுகிறது என்று அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். இருக்கிற பிள்ளையின் ரேகைதானே, சந்தோசப்படேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பாழாய்ப்போன மனசு படவில்லை. துண்டைச் சாக்கடையில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.