சாம்பல் பெஞ்சுக்கு ஒரு பாராட்டு மனு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், கடற்கரைக்குத் திரும்பும் முக்கில் புதிதாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். உட்காருவதற்கு முன் சவரியம்மாள் அதைத் துண்டால் துடைத்தாள். துண்டெல்லாம் சாம்பல்.

"அது மேல பறந்து வுழுந்ததும்மா. பெஞ்சு கல்லா இறுகிப்போச்சு," என்றார் சிலம்பரசன். அனல்மின் நிலையத்தின் புதுத் திட்டத்துக்கு அவர்தான் மேனேஜர். "சாம்பலக் குழைச்சிக் கரியமில வாயுவக் குடிக்க வுட்டா இப்பிடி ஆயிடும். இந்த ஒரு பெஞ்சு நாலு கிலோ வாயுவ முழுங்கியிருக்கு."

"நாங்க முழுங்குறத யாரு சார் எடை போடுறது? சரி, அந்த வாயு உங்க புகைக்கூண்டுலேர்ந்து வருதா?"

"அது அழுக்கு வாயும்மா. சுத்தமானது வெளியூர்லேர்ந்து டேங்கர்ல வருது."

வாசலில் கிணறு இருக்க, மனுஷன் கேன் தண்ணீர் வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கவலையெல்லாம் கருவாடுதான். முன்பு அனல்மின் நிலையம் சாம்பல் கொட்டும் குட்டையில் தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். திட்டம் வந்ததும், 'இனி இது கழிவல்ல, மூலப்பொருள்; காய்ந்தே இருக்கட்டும்' என்று நிறுத்திவிட்டார்கள். திட்டம் எடுத்ததோ ஒரே ஒரு டிராக்டர். மிச்சமெல்லாம் காற்றேறி வந்து அவள் காயப்போட்ட நெத்திலி மேல் இறங்கியது. சிதம்பரம் மார்க்கெட் வியாபாரி காத்தவராயன் கூடையைத் திருப்பிவிட்டான்.

"யக்கா, உங்க கோயில்ல நெத்தியில சாம்பல் பூசுற புதன் வருசத்துக்கு ஒரு நாளுதானே? மீனுக்கெல்லாம் தெனம் பூசுறியே! இன்னொரு தரம் இப்பிடி வந்தா வேற ஆளப் பாத்துக்குவேன்."

மூன்று திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். மூன்றுக்கும் ஒரே பதில்: 'பரிசீலனையில் உள்ளது.'

அப்புறம் பெஞ்சைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் சட்டையில் தூசு படக்கூடாதே! காலையிலேயே நாலு லாரித் தண்ணீர் குட்டையில் இறங்கியது. அன்றைக்குக் காய்ந்த நெத்திலி பளபளவென்று இருந்தது.

"பாத்தியா ஸ்ரீமதி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரியிடம். "நாம அழுதா தண்ணி வராது. ஆபீசரு சிரிக்கணும்னாதான் வரும்."

நாலாவது திங்கள் அவள் கொண்டுபோனது பாராட்டு மனு. எழுத்தர் ராமாமிர்தம் இரண்டு தரம் படித்தார்.

"இன்னாம்மா இது? குறையே எழுதலியே?"

"எங்க பெஞ்சு உலக அதிசயங்கய்யா. காலேஜு புள்ளைங்க, ஆபீசருங்க எல்லாரும் தெனம் வந்து பாக்கணும். அதான் கோரிக்கை."

அந்த மனுவுக்கு மட்டும் கால் முளைத்தது. பேப்பரில் படம் வந்தது. கல்லூரி பஸ்கள் வந்தன. வந்தவர்கள் பெஞ்சைத் தட்டிப் பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், போனார்கள். தினமும் தண்ணீர் லாரி ஓடியது. காத்தவராயன் கூடையை இறக்கிக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்துச் சிலம்பரசன் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"போதும்மா! தெனம் தண்ணி அடிச்சி, திட்டத்துக்குக் காஞ்ச சாம்பலே இல்ல. ரெண்டாவது பெஞ்சு செய்ய முடியல."

"பாக்குறதுக்கு ஒண்ணு போதாதா சார்?"

"ஞாயித்துக்கிழமையாவது வுட்டுடுங்க."

"அய்யோ, பூசை முடிஞ்சதும் மாதா கோயில்லேர்ந்து முந்நூறு பேரு வர்றாங்களே! ஆறு மணிக்கே லாரிய அனுப்பிடுங்க. இந்த வாரம் சுறா காயுது."