ஆயிரத்து நானூறு இறாத்தல் மூதேவி

2024ஆம் ஆண்டு யூன் மாதம் மூன்றாம் ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணிக்கும் இரண்டே காலுக்கும் இடையில், கிறிஸ்துநாயகத்தின் உடம்பிலிருந்து பதினொரு இறாத்தல் கழன்று, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கறுப்பு மாட்டின் உடம்பில் ஏறியது. அன்று நல்ல வெயில், மேற்குக் காற்று. கிறிஸ்துநாயகத்தின் காற்சட்டை முழங்காலுக்கு இறங்கியதை அங்கே நின்ற பத்துக் குடும்பங்களும் பார்த்தன. மாடு நின்ற தராசில் ஆயிரத்து நாற்பது என்றிருந்த சிவப்பு எண் ஆயிரத்து ஐம்பத்தொன்றாக மாறியதை மாட்டுக்காரர் அலெக்ஸாண்டர் மட்டுமே பார்த்தார்.

அலெக்ஸாண்டர் ஊர்காவற்றுறையில் பிறந்து, 1989இல் பார்க்டேலில் வந்திறங்கி, பிறகு எல்லோரையும் போல ஸ்காபரோப் பக்கம் நகர்ந்தவர். இருபத்தாறு வருடம் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். களஞ்சியம் மூடப்பட்டபோது, இவ்வளவு காலமும் மற்றவர்களின் பாரத்தை ஏற்றி இறக்கினேனே தவிர, என் கையால் எதுவும் ஒரு இறாத்தல்கூடக் கூடவில்லையே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றிய மனிதன் சும்மா இருக்கமாட்டான். ஸ்டீல்ஸ் வீதிக்கு அப்பால், பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி, நகரம் அலுத்துப்போய் வயலாகிற மூலையில், றிச்சர்ட் என்ற வெள்ளைக்காரக் கமக்காரரிடம் பன்னிரண்டு ஏக்கரும் ஒரு பழைய கொட்டிலும் குத்தகைக்கு எடுத்தார். காயடித்த நாம்பன் கன்றுகளை ஐந்நூற்றைம்பது இறாத்தலில் வாங்கி, புல்லும் சோளமும் கொடுத்து, ஒரு வருடத்தில் ஆயிரத்து நானூறாக்கி வெட்டுக்கு அனுப்புவது திட்டம். நாளுக்கு இரண்டரை இறாத்தல் ஏறினால் போதும், அதை மாடு பார்த்துக்கொள்ளும் என்றார் றிச்சர்ட்.

வாங்குவதற்கு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு வருகிற பத்துக் குடும்பங்கள் பங்குக்குச் சேர்ந்தன. ஒரு மாட்டைப் பலர் சேர்ந்து எடுத்து, வெட்டி, எல்லாப் பாகத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்படி சமமாகக் குவித்துப் பிரிப்பதற்குப் பெயர்தான் பங்கு. தொந்தரவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. அலெக்ஸாண்டரின் மனைவி அன்ரனெற் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். பதினெட்டு வருடமாக வயதானவர்களைக் குளிப்பாட்டி, தூக்கி, புரட்டி, உடுப்பு மாற்றிவிட்டு வருகிறார். வேலை முடிந்து அஜின்கோர்ட் வீட்டுக்கு வந்தால், கிழமையில் நான்கு நாள் புருசன் கொட்டிலுக்குப் பக்கத்து ட்ரெயிலரில் படுக்கிறார். அன்ரனெற் அந்தோனியார் படத்துக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மூண்டு வருஷம் தாறன். மூண்டாவது வருஷமும் உங்கடை மாடு ஆயிரத்து நானூறு ஏறேல்லை எண்டா, பட்டியைக் குடுத்திட்டு வந்து வீட்டிலை இருக்கோணும். அதுவரைக்கும் அந்தச் சேத்துக்கை நான் கால் வைக்கமாட்டன்."

"ஓம்" என்றார் அலெக்ஸாண்டர். அந்தோனியாருக்கு முன்னால் சொன்ன ஓம் என்பதால் அதற்கு மேல் பேச்சில்லை.

முதல் வருடம் நான்கு மாடு, இரண்டாம் வருடம் நான்கு. எட்டும் நன்றாகத்தான் தின்றன. எட்டும் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியதும், பேசி வைத்ததுபோல நின்றுவிட்டன. மிருக வைத்தியர் வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். றிச்சர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிழையை அவர்களால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அது நம்முடைய ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை. அலெக்ஸாண்டருக்கு நாவூறு பயம். வடிவான பிள்ளையை வடிவென்று சொல்லாதே, கொழுத்த மாட்டைக் கொழுத்ததென்று சொல்லாதே, சொன்னால் வற்றிப்போகும் என்று கேட்டு வளர்ந்தவர். கொட்டில் வாசலில் தன் பழைய வேலைச் சப்பாத்தைத் தொங்கவிட்டார். மாடுகளுக்குச் சனியன், தரித்திரம், பீத்தல் என்று பெயர் வைத்தார். கறுப்பு மாட்டில் கறுப்புப் பொட்டுத் தெரியாது என்பதால், வெள்ளைப் பெயின்றால் நெற்றியில் பொட்டு வைத்தார். பங்குக்காரர் பூசை முடிந்து பார்க்க வந்தால் வாசலிலேயே மறித்து, "ஏசுறதெண்டா ஏசுங்கோ, இல்லாட்டிப் பேசாமல் நில்லுங்கோ" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். அவர்களும் கடமையாக ஏசினார்கள். எலும்பும் தோலும் என்றார்கள், இதைவிட எங்கள் வீட்டுப் பூனை பெரிது என்றார்கள். மாடுகள் சோளத்தை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றன. கேட்டதை நம்பின.

மூன்றாம் வருடம் ஒரே ஒரு மாடுதான். அதன் பெயர் மூதேவி. ஏப்ரல் மாதம் ஆயிரத்து நாற்பதுக்கு வந்து அதுவும் நின்றுகொண்டது. நவம்பர் பதினெட்டாம் தேதி இறைச்சிக்கூடத்தில் வெட்டுக்கு நாள் எடுத்தாயிற்று. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த நாள் கிடைக்க அரை வருடம் ஆகும். இந்த நிலையில்தான் அந்த ஞாயிறு கிறிஸ்துநாயகம் வந்தார். பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுபவர், பெரிய வயிறு, சீனி வருத்தம். பிந்தி வந்ததால் வாசல் எச்சரிக்கை அவர் காதில் விழவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்.

"அட கடவுளே! என்ன வடிவான மாடு! மகாராசா மாதிரியெல்லோ நிக்குது!"

காற்சட்டை இறங்கியது அப்போதுதான். அவரை அடிக்கப் போன அலெக்ஸாண்டர், வழியில் தராசைப் பார்த்துவிட்டு, அடிக்க ஓங்கிய கையாலேயே கட்டிப்பிடித்தார்.

"அண்ணை, இன்னொருக்காச் சொல்லுங்கோ!"

இரண்டு கையாலும் காற்சட்டையைப் பிடித்தபடி கிறிஸ்துநாயகம் முதுகைப் புகழ்ந்தார். ஒன்றரை இறாத்தல் ஏறியது. அலெக்ஸாண்டரின் மகள் ஷரோன், ஆஸ்பத்திரி ஒன்றில் உணவு ஆலோசகர், "டடி, திஸ் இஸ் நொட் பொசிபிள்" என்று சொல்லிக்கொண்டே தீவன மூட்டை நிறுக்கும் தராசை இழுத்து வந்து, நின்ற எல்லோரையும் ஏற்றி நிறுத்து, பிறகு மாட்டைப் பார்க்கவிட்டு மறுபடி நிறுத்தார். மனிதரில் குறைந்ததும் மாட்டில் கூடியதும் அவுன்ஸ் பிசகாமல் ஒத்துப்போயின. அன்று மாலைக்குள் சப்பாத்து வாசலிலிருந்து இறங்கிவிட்டது. வெள்ளைப் பொட்டு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த கோடையைப்போல ஒரு கோடை அந்தப் பக்கத்தில் வந்ததில்லை. கார்கள் ஸ்டீல்ஸ்வரை நின்றன. வேலியோரம் திருவிழாச் சத்தம். ஆட்கள் மாட்டைப் பார்த்துச் சிரித்தார்கள், கை தட்டினார்கள், பெல்ற்றில் புதுத் துளை போட ஆணி கேட்டார்கள். இருபது வருடமாக இறங்காத சீனி இறங்கியது. குடும்ப வைத்தியர்கள் குளிசையைப் பாதியாக்கிவிட்டு, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். மாடு பார்த்தோம் என்று பதில் வந்தது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கிய யோகமலர் ரீச்சர், ஆயுளில் மச்சம் மாமிசம் தொடாதவர், மாட்டின் கண் இமையை மட்டும் புகழ்ந்து நான்கு இறாத்தல் கொடுத்துவிட்டுப் போனார். றிச்சர்ட் ஒரு நாள் வேலியில் முழங்கையை ஊன்றி, வெகுநேரம் பார்த்து, "நொட் பாட்" என்றார். அந்தப் பக்கத்துக் கமக்காரர் அதற்கு மேல் எதையும் புகழ்வதில்லை. மூன்று இறாத்தல் ஏறியது. ஓகஸ்ற் முடிவில் மூதேவி ஆயிரத்து முந்நூற்று ஐம்பதைத் தாண்டியது, அலெக்ஸாண்டர் சந்தோசத்தில் ஃபோர்க்லிஃப்ட் காலத்துப் பாட்டெல்லாம் பாடினார்.

பிறகு வாட்ஸ்அப் கெடுத்தது. மாடு பார்த்தால் உடம்பு குறையும் என்ற செய்தி ஒட்டாவாவரை போக, மாடு பார்க்க வந்தவர்கள் நின்றுபோய், மெலியவென்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களும் புகழ்ந்தார்கள். வீடு விற்பனை முகவர் பிரசாந், ஈரச் சுவர் வீட்டைப் புகழ்கிற அதே வாயால் முக்கால் மணிநேரம் புகழ்ந்தார். ஒருவர் வெண்பா எழுதிக்கொண்டு வந்தார். ஒரு அவுன்ஸ் அசையவில்லை. யாருடைய கண்ணும் மாட்டில் இல்லை, தராசில் இருந்தது. பங்குக்காரருக்கும் அந்தத் தொற்று வந்துவிட்டது. மனதாரச் சொன்னாலொழிய மூதேவி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ரோசம் இருந்தது.

ஆனாலும் ஒக்ரோபரில் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. யார் கொடுக்கிறார் என்பதை ஷரோன்தான் கண்டுபிடித்தார். அலெக்ஸாண்டர் விடிய எழுந்து, தீவனம் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாய் திறக்கத் தேவைப்படாத அளவுக்கு அவருக்கு அதில் விருப்பம். அப்படி நின்று நின்று நாற்பது இறாத்தல் கொடுத்துவிட்டார். கன்னம் ஒட்டி, சேர்ட் கொடியில் காய்வதுபோல உடம்பில் தொங்கியது. நவம்பர் பதினேழாம் தேதி ஞாயிறு, எண் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்பது குறைவு. லொறி அடுத்த நாள் காலை. மாட்டடிக்குப் போகப் புறப்பட்ட தகப்பனை ஷரோன் ட்ரெயிலர் கதவடியில் மறித்தார்.

"டடி, இனிக் குடுக்க உங்களிட்டை ஒண்டும் இல்லை. விழுந்திடுவியள்."

"ஒன்பதுதானே பிள்ளை. ஒன்பது!"

ஷரோன் தாயைப் போனில் கூப்பிட்டார். மூன்று வருடம் கால் வைக்காத அன்ரனெற், வேலை உடுப்போடும் வெள்ளைச் சப்பாத்தோடும் நாற்பது நிமிடத்தில் வந்து இறங்கினார். அப்போது அந்த வருடத்து முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சேற்றில் கால் புதைய, "எங்கை அந்த மூதேவி? என்ரை மனிசனைத் தின்னுற மூதேவி எங்கை?" என்று கத்திக்கொண்டு போனார். பங்குக்காரர் விலகி வழிவிட்டார்கள். ஒரு வசவில் நூறு இறாத்தல் போய்விடும் என்று கிறிஸ்துநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்ரனெற் வேலியடிக்குப் போய் நின்றார். மாடு தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தது. நெஞ்சு நிறைந்து முன்னங்காலுக்கு நடுவில் தொங்கியது. வால் தொடங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் கொழுப்பு, கை வைத்தால் புதையும்போல. முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடந்தது, அவ்வளவு தடிப்பு. மூச்சு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. அன்ரனெற் திறந்த வாயை மூடவில்லை, ஆனால் வசவும் வரவில்லை. பதினெட்டு வருடமாக அவர் கை பட்ட உடம்பெல்லாம் குறைந்துகொண்டே போனவை. கை வேலிக்குள்ளால் தானாகவே போய் மாட்டின் விலாவில் பதிந்தது. விலா எலும்பு கையில் தட்டுப்படவில்லை.

"என்ரை மாதாவே" என்றார். "இவ்வளவு நிறைஞ்ச ஒரு உடம்பை நான் இந்த நாட்டிலை காணேல்லை."

பிறகு திரும்பி, எலும்பாக நின்ற புருசனைப் பார்த்தார்.

"நீங்களே இதை வளத்தது? நீங்கள் தனிய?"

"ஓம்" என்றார் அலெக்ஸாண்டர்.

"நல்லா வளத்திருக்கிறியள்."

தராசில் எண் ஓடத் தொடங்கியது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றொன்பது. ஆயிரத்து நானூறு என்று வந்தபோது எழும்பிய கூச்சலில் றிச்சர்ட் தன் வீட்டிலிருந்து வெளியே வந்தார். அது நானூறிலும் நிற்காமல் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது. அன்ரனெற்றின் விரலிலிருந்து கலியாண மோதிரம் கழன்று வைக்கோலுக்குள் விழுந்தது. பத்துக் குடும்பமும் முழங்காலில் நின்று தேடின. அலெக்ஸாண்டர்தான் எடுத்தார். மோதிர விரலில் நிற்காததால் அதைப் பெருவிரலில் போட்டுவிட்டார். அன்ரனெற் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் லொறி வந்தது, மூதேவி அமைதியாக ஏறியது, அலெக்ஸாண்டர் அழுதார். இரண்டு கிழமையில் இறைச்சி வந்து, கொட்டிலில் பிளாஸ்ரிக் விரிப்பில் பதினொரு குவியலாயிற்று: பங்குக்காரருக்குப் பத்து, வீட்டுக்கு ஒன்று. வழமைப்படி ஒருவர் குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்க, முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கிறிஸ்துநாயகம் பெயர் சொன்னார். கண்ணால் பார்க்காமல் பிரித்ததில் எடைகள் ஆள் மாறிப் போய்விட்டன. றிச்சர்ட்டின் மூன்று இறாத்தலைத் தின்ற குடும்பம் இன்றுவரை எதற்கும் "பரவாயில்லை" என்றுதான் சொல்கிறது. யோகமலர் ரீச்சரின் நான்கு இறாத்தல் போன வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் சமைப்பதில்லை. கிறிஸ்துநாயகத்துக்கு யாரோ ஒரு மெல்லிய ஆளின் பங்கு விழுந்ததால் சீனி இறங்கியபடியே இருக்கிறது. வீட்டுக் குவியலில் புருசனின் நாற்பதும் மனைவியின் இருபத்தொன்றும் கலந்து கிடந்தன. பனிக்காலம் முழுக்க இரண்டு பேரும் ஒரே சட்டியில் தின்றார்கள். பங்குனி வர, அலெக்ஸாண்டருக்கு அன்ரனெற்றின் பதினெட்டு வருடத்து இடுப்பு நோ வந்தது; விடிய நான்கு மணிக்கு எழும்பி, தன்னுடைய மாட்டுக்கொட்டில் சப்பாத்து எங்கே என்று அன்ரனெற் கேட்டார்.

இந்த வருடம் ஆறு மாடு. பெயர் வைத்தவர் அன்ரனெற்: இராசா, பவுண், செல்வம், மாணிக்கம், வடிவு, அந்தோனி. வேலைக்குப் போகுமுன் ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, உண்மையிலேயே நன்றாக இருக்கிற ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போகிறார். எல்லாம் நாளுக்கு இரண்டரை ஏறுகின்றன. பங்குக்காரர் காற்சட்டைக்குத் தோள்பட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். மோதிரத்தை அன்ரனெற் கழுத்துச் சங்கிலியில் கோத்துவிட்டார், ஏனென்றால் அவருடைய விரல் வெட்டுக்கு முன்னால் ஒரு அளவும் பங்குக்குப் பின்னால் இன்னொரு அளவுமாக இருக்கிறது.