பிரஷருக்கு வந்தவர்கள்

எங்கள் தோட்டத்தில் யாருக்கும் மனசு கெடாது. சீனி வரும், பிரஷர் வரும், மலையில் குளவி கொட்டும். மனசு மட்டும் கல்லு மாதிரி இருக்கும். தப்பித் தவறி ஒருத்தருக்குக் கெட்டுவிட்டால், றக்வான போய் பஸ் மாறி இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திரும்பி வந்து இறங்குவதற்குள் லயத்து வீட்டு வரிசையில் 'பிஸ்ஸு' என்று பட்டம் காத்திருக்கும். பிஸ்ஸு என்றால் பைத்தியம். ஆளைத் திட்டுவதற்கென்றால் எங்கள் சனத்துக்குச் சிங்களம் நன்றாக வரும்.

இந்த அலைச்சல் வேண்டாமென்று, மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரை வியாழக்கிழமைகளில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கே வரவழைத்தார்கள். நல்ல காரியம்தான். வாசலில் பெரிதாகப் போர்டும் வைத்தார்கள், 'மனநலக் கிளினிக்' என்று. அதைப் பார்த்த சனம் டிஸ்பென்சரிக்கு முன்னால் நடப்பதையே விட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிச் சுற்றிப் போனது. டாக்டர் பாவம், தனியாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

கடைசியில் நர்ஸ் அனோஜா மிஸ்ஸிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். போர்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, பிரஷர் பார்க்கும் கிளினிக்கோடு இதையும் சேர்த்துவிட்டாள். "பிரஷருக்குன்னு சொல்லிட்டு வாங்க. மூஞ்சியப் பார்த்தா எனக்குத் தெரியும். நைசா டாக்டர்கிட்ட அனுப்பி விடுறேன்" என்றாள். அப்புறம் பாருங்கள், வாங்குப் பலகையில் உட்கார இடமில்லை.

என் தங்கச்சி ரோஷானிக்குத் தூக்கம் போய் மாதக்கணக்கு. ஏனென்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கொழுந்து நிரையில் கூடையோடு நிற்பாள், கை ஓடாது. சோற்றைப் பார்த்தால் அழுகை. கல்யாணப் பயம் என்று நானும் இருந்துவிட்டேன். ரெஜினோல்டுக்கு நிச்சயமாகி, கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஃபாதர் கேட்பார். தடை சொல்வதற்கென்றே எங்கள் லயத்தில் நாலு வாய் இருக்கிறது.

அந்த ஞாயிறு கோயில் விட்டு வரும்போது அவள் சொன்னாள். "அக்கா, ஓடைப் பாலத்துல வந்தா கால் தானா ஓரத்துக்குப் போவுது. குதிச்சிருவேனோன்னு பயமா இருக்கு."

அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வியாழன் வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு அவளை டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாங்கில் யார் என்று நினைக்கிறீர்கள்? ரெஜினோல்டின் அம்மா, மரியாயி மாமி!

"என்னா புள்ள, இங்க?"

"தங்கச்சிக்குப் பிரஷருங்க மாமி."

"இந்த வயசுலயா?"

"எங்க பரம்பரைக்கே இருக்குங்க. நீங்க?"

"எனக்கும் பிரஷர்தான்" என்று மாமி முந்தானையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கேடுகாலம், அன்றைக்குப் பார்த்து அனோஜா மிஸ்ஸி லீவு. வந்திருந்தது புதுசாக ஒரு சிங்களப் பிள்ளை. எங்கள் ரகசியம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிரஷருக்கு வந்தேன் என்றால், அவள் பிரஷரைத்தானே பார்ப்பாள்! கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்து, "பிரஷர் ஹொந்தாய், கெதர யன்ன" என்று சிரிப்பாள். நல்லா இருக்கு, வீட்டுக்குப் போங்க. வரிசையில் முதலில் இருந்த மூக்காயிக்கு ஹொந்தாய். மரியாயி மாமிக்கும் ஹொந்தாய். சப்ரகமுவவிலேயே எங்களைப் போல ஆரோக்கியமான தோட்டம் இல்லை என்றாகிவிட்டது. உள்ளே டாக்டர் மறுபடியும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ரோஷானிக்கும் பட்டியைச் சுற்றினாள். ஹொந்தாய்.

எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் மாமி போகாமல் கதவோரமே நிற்கிறாரே! "வா, அடுத்த கிழமை வருவோம்" என்று தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்தேன். போகிற வழியில் பாலம் இருக்கிறது என்று தெரிந்துதான் இழுத்தேன்.

அவள் அசையவில்லை. அந்தப் புது மிஸ்ஸியை நேராகப் பார்த்து, "மட்ட பிரஷர் நெஹே மிஸ்ஸி. மட்ட மெரென்ன ஹிதெனவா" என்றாள். எனக்குப் பிரஷர் இல்லை, சாகணும்போல இருக்கு என்று அர்த்தம். தமிழில் சொல்லியிருந்தால் மிஸ்ஸி ஒருத்திக்கு மட்டும் விளங்கியிருக்காது. சிங்களத்தில் சொன்னதால் வாங்கில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

மிஸ்ஸி பதறி எழுந்து, அவள் தோளை அணைத்து டாக்டரிடம் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். போனால் போகட்டும், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும். மாமி என்னை நோக்கி வந்தார். வாயைத் திறக்கட்டும், ஒன்றுக்கு ரெண்டாகக் கொடுக்கிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

மாமி என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன் புள்ள. எங்க வீட்டுக்காரரு போனதுல இருந்து கண்ணு மூட முடியல. மகனுக்கே தெரியாது." குரல் இறங்கிப்போயிற்று. "மாமியாரு பிஸ்ஸுன்னு சொல்லி ஓலைய நிப்பாட்டிறாதீங்க தாயி."

அட ஆண்டவரே! அவர் காலில் விழுந்து கெஞ்சுவதற்கென்று நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வசனம் அது. மருமகள் என்று நான் வைத்திருந்த இடத்தில் மாமியார் என்று வந்திருந்தது, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"வாங்க மாமி" என்று டாக்டரின் கதவைத் தட்டினேன்.