வழி தெரியாது என்றவன்

ரயில் கடல்பாலத்தில் ஏறியபோது மார்ஸியாவும் எல்வியோவும் பேச்சை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஃபெராராவில் வண்டி ஏறியதுமே தொடங்கிய சண்டை. தன் பிறந்தநாளுக்கு ஒரு நாள் வெனிஸை நடந்தே சுற்றிப் பார்க்க வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். கல்யாணமாகி நான்கு வருஷமாக அவனிடம் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு இருந்தது. கோடையில் கூட்டம், மழையில் வெள்ளம், வசந்தத்தில் விலை. இப்போது ஜனவரி நடுப்பகுதி. சாக்குகள் தீர்ந்துபோன எரிச்சல் அவன் முகத்தில் அப்பியிருந்தது.

அவன் பிறந்தது இந்த ஊரில்தான். அடையாள அட்டையிலேயே இருக்கிறது. மூன்று வயதில் அம்மா காய்ச்சலில் இறந்தாள், அப்பா அதற்கு முன்பே போய்விட்டார், ரொவீகோ ஊரிலிருந்த அத்தை தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள், ஊர் துளியும் நினைவில்லை என்று சொல்லியிருந்தான். அந்த அத்தையும் இப்போது இல்லையாம்.

நிலையத்துக்கு வெளியே மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை.

"படகில போயிடலாம்" என்றான்.

"நடக்கத்தானே வந்தோம்?"

"இந்தக் குளிர்ல நடக்கறதுக்குப் பேரு பிறந்தநாளா?"

"உன்னோட நடக்கறதுக்குப் பேரு தண்டனை. பரவால்ல, வா."

அவள் முன்னால் நடந்தாள். கைபேசியில் வரைபடம் காட்டிய வழியெல்லாம் தண்ணீரில் போய் முடிந்தது. மூன்றாவது முறை ஒரு சந்து பாசி பிடித்த நான்கு படிகளோடு கால்வாய்க்குள் இறங்கியபோது, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றித் திரையை மறுபடி தேய்த்தாள்.

பின்னாலிருந்து அவன் பொறுமையில்லாமல், "இடது பக்க வளைவுக்குள்ள போ. பாலம் வரும்" என்றான்.

பாலம் வந்தது.

"எப்படித் தெரியும்?"

"சுவத்துல எழுதியிருந்துச்சு."

அவள் திரும்பிப் போய்ப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுத்து, வீடுகளுக்கு அடியில் புகுந்து போகும் ஓர் இருட்டு வழி. முன்னால் போன எல்வியோ சட்டென்று தலையைக் குனிந்தான். அடுத்த நொடி மார்ஸியாவின் நெற்றி மரச்சட்டத்தில் மோதியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாத்து வரமாட்டியா?"

"நீ பாத்தியா? இந்த இருட்டுல யாருக்கும் தெரியாது. சட்டம் வர்றதுக்கு முன்னாலயே நீ குனிஞ்சே."

"நான் உயரம். எங்கேயும் குனிவேன்."

"வீட்டுல ஒருநாளும் குனிஞ்சதில்லையே."

குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவன் அவன். மாதத்தில் நான்கு நாள் வெளியூரில் தங்குவான். அந்த நான்கு நாட்களையும் அவள் இப்போது மனதுக்குள் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கைகள் விறைத்துப்போய் ஒரு சின்ன மதுக்கடைக்குள் ஒதுங்கினார்கள். நின்றபடியே ஆளுக்கொரு கோப்பை, மீன் மசியல் தடவிய ரொட்டித் துண்டு. கல்லாப்பக்கம் கம்பளித் தொப்பியோடு நின்ற கிழவர் அவனையே உற்றுப் பார்த்தார்.

"டேய், எல்வியோ! நீதானே?"

எல்வியோ ரொட்டியை வைத்தான். "ஆள் மாறிப்போச்சு, பெரியவரே." கோப்பையைத் தொடாமல் வெளியேறினான்.

பாலத்தின் மேல் அவனைப் பிடித்துவிட்டாள்.

"யாரோட வந்தே இங்கே?"

"யாரோடயும் இல்ல."

"அவ பேரு என்னன்னு மட்டும் சொல்லு."

"ஒருத்தியைக் கட்டிக்கிட்டே முழி பிதுங்குது. இன்னொருத்தி வேறயா?"

"சிரிக்க வைக்கப் பாக்காதே. அந்தாளு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்."

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன். வந்தா வா, வராட்டி போ."

அவன் ஒரு பக்கம் இறங்கினான். அவள் மறுபக்கம் இறங்கி மதுக்கடைக்கே திரும்பினாள்.

"அவன் இங்க யாரோட வருவான்?" என்று கிழவரிடம் நேராகக் கேட்டாள்.

"யாரோட வர்றதா? இங்கேயே பொறந்து வளந்தவன்மா அவன். பத்தொன்பது வயசு வரைக்கும் இந்த வாசல்லதான் பந்து அடிச்சுக் கண்ணாடி உடைச்சான். அவங்கம்மா வாண்டா பின்சந்துல சலவைக்கடை வெச்சிருக்கா."

"அவங்கம்மா செத்துட்டாங்க."



"எப்போ? காலையிலகூட என்னைத் திட்டிட்டுப் போனாளே."

சலவைக்கடைக்குள் நீராவி முகத்தில் அறைந்தது. குட்டையான, தோள் அகன்ற ஒரு பெண்மணி, எழுபது இருக்கும், துணி தேய்க்கும் இயந்திரத்தின் சூடான உருளைகளுக்குள் படுக்கை விரிப்பை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹோட்டல்லருந்தா? துணி நாலு மணிக்குத்தான்."

"நான் எல்வியோவோட மனைவி."

வாண்டாவின் கை நிற்கவில்லை. விரிப்பு முழுதாக மறுபக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இயந்திரத்தை அணைத்தாள்.

"ஓஹோ. கல்யாணம் வேற ஆயிடுச்சா?"

"நீங்க இறந்துட்டதா சொன்னான்."

"எதுல?"

"காய்ச்சல்ல. அவனுக்கு மூணு வயசிருக்கும்போது."

வாண்டா சிரித்தாள். கேட்பதற்கு நன்றாயில்லாத சிரிப்பு. "பயலுக்குக் கற்பனையே கிடையாது. வெனிஸ்காரியைக் கொல்றவன் தண்ணியில தள்ள வேண்டாமா?"

பிறகு, யாரோ அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள். எல்வியோவின் அப்பா ஓரெஸ்தேவுக்குப் பக்கவாதம் வந்தது. மூன்றாவது மாடியில் ஐந்து வருஷம் படுக்கை. இரண்டாவது மாதமே பையன் வேலை கிடைத்தது என்று போனவன். சவப்பெட்டியோடு படகு கல்லறைத் தீவுக்குப் புறப்பட்டுப் போன பிறகு வந்து நின்றான்.

"உனக்கு அம்மாவும் செத்துட்டா, போடான்னு கதவைச் சாத்தினேன். அதை மட்டும் ஒழுங்கா காதுல வாங்கியிருக்கான்."

"பாதியைச் சொல்லாதே."

எல்வியோ வாசலில் நின்றிருந்தான். மார்ஸியாவைப் பின்தொடர்ந்தே வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"வாராவாரம் கடிதம் போட்டேன். ஒண்ணையாவது அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினியா?"

"காகிதமா அவரைத் தூக்கி உக்கார வெக்கும்? காகிதமா கழுவி விடும்?"

"படிச்சியா இல்லையா?"

"பிரிக்கவே இல்ல."

அவன் மேல் இரக்கம் வருவதற்கு முன் மார்ஸியாவுக்குக் கோபம் முந்திக்கொண்டது.

"உங்க சண்டை உங்களோட. எனக்கு ஒண்ணு சொல்லு. ஒவ்வொரு நவம்பரும் செத்தவங்க தினத்துல உங்கம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேனே, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? கையைக்கூடக் கூப்பினியே!"



"எனக்கா ஏத்தினே?" என்றாள் வாண்டா.

"நாலு வருஷம்."

"மெழுகு வீண்." ஆனால் அப்போதுதான் அவள் மருமகளின் முகத்தை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். உடனே மகன் பக்கம் திரும்பினாள். "கதவைச் சாத்து, சூடு வெளியே போகுது. உள்ளே நின்னு சாத்தறியோ வெளியே நின்னு சாத்தறியோ, உன் இஷ்டம்."

எல்வியோ கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வெளியே நின்று சாத்தினான்.

மார்ஸியா நகரவில்லை. அவனோடு போவதா, இந்தப் பெண்மணியை நாலு வார்த்தை கேட்பதா என்று புரியாமல் நின்றாள்.

"சும்மா நிக்காதே. அந்த முனையைப் பிடி" என்றாள் வாண்டா.

இருவரும் எதிரெதிரே நின்று விரிப்புகளை மடித்தார்கள். மார்ஸியா ஓரங்களைச் சரியாகச் சேர்க்காதபோதெல்லாம் வாண்டா வெடுக்கென்று இழுத்துத் திருத்தினாள். கூடை நிறைந்ததும், "வர்றதா இருந்தா திங்கக்கிழமை வா. மத்த நாள்ல எனக்கு வேலை இருக்கு" என்று முதுகைக் காட்டினாள்.

நிலையத்தில் எல்வியோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ரயிலில் பாதுவா நிலையம் வரை பொறுத்திருந்து, "என்ன சொன்னா?" என்று கேட்டான்.

"போய் நீயே கேளு" என்று சொல்லிவிட்டு மார்ஸியா எழுந்து அடுத்த பெட்டியில் போய் உட்கார்ந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் வேறு வேறு அறையில் தூங்கினார்கள். பிரிந்துவிடவில்லை, ஆனால் அவன் எதைச் சொன்னாலும் இப்போது அவள் இரண்டாவது ஆளிடம் விசாரித்துக்கொள்கிறாள், அதை அவனிடம் மறைப்பதுமில்லை. மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் வெனிஸுக்குப் போகிறாள். அவன் நிலையம் வரை கொண்டுவந்து விடுவான், வண்டி ஏற மாட்டான்.

வாண்டாவும் மகனைப் பற்றிக் கேட்பதில்லை. ஏப்ரலில் ஒருமுறை மட்டும், "கால் நனைஞ்சா இன்னும் ராத்திரியெல்லாம் இருமறானா?" என்று கேட்டாள். மார்ஸியா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இயந்திரத்தைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.