நகோண்டேக்குப் பச்சை

முசோண்டாவுக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது? பத்தொன்பது வருஷமாக, ந்டோலா நகரத்தின் அந்த லாரி அலுவலகத்தில் திங்கட்கிழமைக் கூட்டம் என்றால் மேலாளர் லுபாசி அவள் பக்கம்தான் திரும்புவார். "பா முசோண்டா, செம்பு லோடு எந்த எல்லை வழியாப் போகட்டும்?" இப்போது அதே மனிதர் சுவரில் மாட்டிய திரையைப் பார்க்கிறார். பக்கத்தில் இருபத்தாறு வயது ஸோண்டிவே நிற்கிறாள்.

அண்டை நாட்டுத் தேர்தல், துறைமுக வேலைநிறுத்தம், எல்லையில் லாரிகள் காத்துக் கிடக்கும் நேரம் என்று எல்லாவற்றையும் அந்தப் பெண் கணினிக்குள் கொட்டுவாள். அது ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு நிறம் தரும். பச்சை என்றால் போ, சிவப்பு என்றால் நில். முசோண்டாவிடம் இருந்தது ஒரு பழைய கைபேசியும் அறுபது ஓட்டுநர்களும்தான். அந்தத் திரை ஒருநாள் எல்லார் முன்னாலும் மூக்குடைபட வேண்டும், அது போதும் அவளுக்கு.

ஸோண்டிவே ங்கோனிக்காரி, முசோண்டா பெம்பா. இரண்டு இனத்துக்கும் கேலி உறவு. வயது பார்க்காமல் வையலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அலுவலகமே 'பா' போட்டு மரியாதையாகக் கூப்பிடும் முசோண்டாவை அவள் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு வந்து மேசையில் சாய்ந்துகொள்வாள்.

"என்ன குரங்கு தின்னி, ரோட்டுல ஏதாச்சும் சேதி உண்டா?"

"போடி எலி தின்னி!" என்று வைதுவிட்டு, முசோண்டா தெரிந்ததைச் சொல்வாள். சும்மா அரட்டைக்குக் கேட்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை விடிந்ததுமே நகோண்டே எல்லையிலிருந்து ஓட்டுநர் சிசெங்கா கூப்பிட்டான்.

"அம்மா, அந்தப் பக்கம் புதன்கிழமை தேர்தல் முடிவு. கலவரம் வரும்னு பயந்து கடைக்காரங்க இப்பவே சாமானை ஏத்திக்கிட்டு ஓடுறாங்க. இந்த வாரம் வண்டி அனுப்பாதீங்க."

எட்டு மணிக்கு ஸோண்டிவே வந்தாள். "சேதி உண்டா?"

முசோண்டா தேநீரை உறிஞ்சினாள். "ஒண்ணுமில்ல."

"நிஜமா?"

"எலி தின்னா காது கூடவா அடைச்சுக்கும்? ஒண்ணுமில்லன்னேன்."

ஒன்பது மணிக் கூட்டத்தில் நகோண்டே பச்சையாக இருந்தது. லுபாசி ஒரே ஒரு தடவை தன் பக்கம் திரும்பினால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முசோண்டா கடைசிவரை காத்திருந்தாள். அவர் திரும்பவில்லை. பதினாலு லாரிகள் புறப்பட்டன.

புதன்கிழமை எல்லையை மூடினார்கள். ஆறு நாள் லாரிகள் அங்கேயே நின்றன. "மாவு தீந்துபோச்சும்மா, பட்டினி கிடக்கிறோம்" என்று ஓட்டுநர்கள் முசோண்டாவிடம்தான் அழுதார்கள். லுபாசி எல்லார் முன்னாலும் ஸோண்டிவேயைக் காய்ச்சி எடுத்தார். "என் தப்புதான் சார்" என்று அவள் தலை குனிந்தாள். முசோண்டாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெட்கமே இல்லாமல் குளிர்ந்தது.

சாயங்காலம் ஸோண்டிவே கணினியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். வரிசையாகத் தேர்தல், துறைமுகம், காத்திருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: 'முசோண்டா, காலை எட்டு மணி.'

"இதுக்குத்தான் மத்த எல்லாத்தையும் விட அதிக மதிப்பெண் வெச்சிருந்தேன்," என்றாள். "மத்ததெல்லாம் சிவப்புன்னுதான் சொல்லிச்சு. நீங்க ஒண்ணுமில்லன்னீங்க. பச்சையாயிடுச்சு. சிசெங்கா உங்களுக்குப் போன் பண்ணினதை இன்னிக்குத்தான் என்கிட்ட சொன்னான்."

முசோண்டா அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "லுபாசிகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க வரியை எடுத்துடச் சொல்லுவார்."

மறுநாள் எட்டு மணிக்கு ஸோண்டிவே மேசைப் பக்கம் வரவில்லை. எட்டே கால் ஆயிற்று. முசோண்டாவே எழுந்து போனாள்.

"ஏய் எலி தின்னி, இன்னிக்குச் சேதி கேக்கலியா?"

ஸோண்டிவே எழுந்து நின்றாள். சிரிக்கவில்லை.

"இருந்தா எழுதி அனுப்பிடுங்க, பா முசோண்டா."